மார்ஷல் நேசமணி: பள்ளியாடியிலிருந்து நாடாளுமன்றம் வரை

மார்ஷல் ஏ. நேசமணி (12 ஜூன் 1895 – 1 ஜூன் 1968) வழக்கறிஞர். திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, சென்னை மாநிலம் ஆகியவற்றின் சட்டமன்றங்களிலும் இந்திய மக்களவையிலும் உறுப்பினராக இருந்தவர். தெற்குத் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்கும் போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். குமரி மாவட்ட மக்கள் இவரைக் 'குமரித் தந்தை' என்று அழைக்கிறார்கள். 'மார்ஷல்' என்பது மக்கள் கொடுத்த பட்டம். இவர் படையில் பணியாற்றியவர் அல்லர்.

இன்று இணையத்தில் 'நேசமணி' என்று தேடும் மாணவருக்கு முதலில் வருவது 2001-இல் வெளியான 'பிரெண்ட்ஸ்' திரைப்படத்தின் காண்ட்ராக்டர் நேசமணிதான். அந்த நகைச்சுவையை யாரும் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டின் தெற்கு எல்லை இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்குக் காரணமானவர்களில் முதன்மையான ஒருவரின் பெயரும் அதுவே என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இக்கட்டுரை நேசமணியின் முழு வாழ்க்கை வரலாறு அன்று. ஒரு மாநிலத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் ஏன் டெல்லிக்குப் போக விரும்பினார், அந்த விருப்பத்தின் வேர் எங்கே இருந்தது என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை காண்பதே இதன் நோக்கம்.

பிறந்த மண்

நேசமணி பிறந்த ஊர் விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்த பள்ளியாடி. அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தென் வட்டங்களிலும் பெரும்பான்மையோர் தமிழ் பேசினர். தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. ஆனால் ஆட்சி திருவனந்தபுரத்தில் நடந்தது. ஆட்சியில் கோலோச்சிய மொழி மலையாளம்.

நேசமணியின் குடும்பம் கிறித்தவ நாடார் குடும்பம். இந்தச் சமூகப் பின்னணியை அறியாமல் அவருடைய அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட பல சமூகத்தினர் தலைவரி, ஊழியம் முதலிய சுமைகளைத் தாங்கினர். அவர்கள் சமூகத்துப் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. அதை எதிர்த்து எழுந்த தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நீடித்தது. 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட அறிவிப்பின் மூலம் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. நேசமணி பிறந்தது இதற்கு 36 ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் இருந்த பாட்டிமார்களுக்கு அது நேரில் கண்ட செய்தி.

இதே மண்ணில்தான் அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் சமத்துவத்தைப் போதித்தார். 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே முதலான லண்டன் மிஷன் சங்கத்தார் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினர். எழுத்தறிவு வந்தது, எழுத்தறிவோடு கேள்வி கேட்கும் துணிவும் வந்தது. அந்தப் பள்ளி மரபில் வளர்ந்ததே நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. நேசமணி அங்கும், பின்னர் திருவனந்தபுரத்திலும் படித்தார். சட்டம் பயின்று நாகர்கோவிலில் வழக்கறிஞரானார்.

ஆக, அவருடைய வேர் இரண்டு கிளைகளாகப் பிரிந்திருந்தது. ஒன்று, சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்ட மக்களின் தன்மான உணர்வு. மற்றொன்று, தாய்மொழி ஆட்சிமொழியாக இல்லாத இடத்தில் வாழ்ந்த தமிழரின் மனக்குறை. முதலாவது அவரை வழக்கறிஞராகப் புகழ்பெறச் செய்தது. இரண்டாவது அவரை டெல்லிக்கு அனுப்பியது.

முக்காலியும் நாற்காலியும்

நேசமணி நாகர்கோவில் நீதிமன்றத்துக்கு வந்த நாளைப் பற்றி ஒரு செய்தி குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. வழக்கறிஞர்கள் அமரும் அறையில் உயர்சாதி வழக்கறிஞர்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போடப்பட்டிருந்தனவாம். தண்ணீர்ப் பானைகளும் தனித்தனியே இருந்தனவாம். நேசமணி முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு, எல்லோருக்கும் நாற்காலி வரச் செய்தார் என்பார்கள். பானையையும் ஒன்றாக்கினார் என்பார்கள்.

சொல்பவரைப் பொறுத்து இதன் விவரங்கள் மாறும். ஆனால் மக்கள் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை இது காட்டுகிறது. 'எங்களையும் சமமாக உட்கார வைத்தவர்' என்பதே அந்த நினைவு. பின்னாளில் அவர் அதே வழக்கறிஞர் சங்கத்துக்குத் தலைவரானார். நாகர்கோவில் நகராட்சித் தலைவராகவும், திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் சபையில் உறுப்பினராகவும் இருந்தார்.

தமிழர் இயக்கம் பிறந்த கதை

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. சாம் நத்தானியேல் முதலியோர் இதில் முன்னின்றனர். 1946 ஜூன் 30-இல் இரவிபுதூரில் நடந்த கூட்டத்தில் இது 'திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்' என்ற பெயரைப் பெற்றது. சுருக்கமாகத் தி.த.நா.கா.

நேசமணி தொடக்கத்தில் இந்த அமைப்பில் இல்லை. அவர் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசில் இருந்தார். சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி வந்தால் தமிழருக்கும் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்று பலருக்கும் இருந்தது. 1947-இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் திவான் சர் சி. பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனி நாடாக அறிவிக்க முயன்றார், அம்முயற்சி தோற்றது. அதன் பிறகு ஸ்டேட் காங்கிரசின் கையில் ஆட்சி வரப்போவது தெளிவாயிற்று. அந்தத் தலைவர்களில் பெரும்பாலோர் எல்லா மலையாளப் பகுதிகளையும் சேர்த்து 'ஐக்கிய கேரளம்' அமைக்க விரும்பினர். தமிழ் வட்டங்களை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. 1947 செப்டம்பரில் நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் கூடிய கூட்டத்தை ஒட்டி நேசமணி தமிழர் இயக்கத்துக்கு வந்தார். விரைவில் அதன் முதன்மைத் தலைவரானார்.

1948 பிப்ரவரியில் வயது வந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் திருவிதாங்கூர்ப் பிரதிநிதித்துவ சபைக்குத் தேர்தல் நடந்தது. தேர்தலை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் தேவசகாயம், செல்லையன் என்ற இருவர் உயிரிழந்தனர். இவ்வியக்கத்தின் முதல் களப்பலிகள் இவர்களே. 120 இடங்கள் கொண்ட அந்தச் சபையில் தி.த.நா.கா. 14 இடங்களைப் பெற்றது. நேசமணியும் உறுப்பினரானார்.

சட்டமன்றத்தில் கண்ட சுவர்

14 பேர் சபைக்குள் நுழைந்தது பெரிய வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் எல்லையும் உடனே தெரிந்துவிட்டது. 1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமாயின. மலையாளம் பேசுவோரின் விகிதம் இதனால் மேலும் கூடியது. 1951–52 பொதுத்தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தின் 108 இடங்களில் தி.த.நா.கா.வுக்குக் கிடைத்தவை 8. 1954-இல் நடந்த இடைக்காலத் தேர்தலில் 117 இடங்களில் 12.

இந்த எண்களை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தமிழ் வட்டங்களில் அக்கட்சி செல்வாக்கோடு இருந்தது. அங்குள்ள எல்லா இடங்களையும் வென்றாலும் சபையில் சிறுபான்மைதான். மலையாளத் தொகுதிகளிலிருந்து வந்த உறுப்பினர்கள், எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாயினும், தங்கள் மாநிலத்தின் நெற்களஞ்சியம் கைவிட்டுப் போவதற்கு எளிதில் இசைய மாட்டார்கள். இதில் அவர்களைத் தீயவர்கள் என்று சொல்ல இடமில்லை. எந்த மாநிலத்துச் சட்டமன்றமும் தன் நிலத்தைத் தானே விட்டுக்கொடுக்க முன்வருவது அரிது.

அமைச்சரவையை ஆக்கவும் கவிழ்க்கவும் அந்தச் சிலரால் முடிந்தது. 1952-இல் ஏ. ஜே. ஜான் தலைமையில் அமைந்த காங்கிரஸ் அமைச்சரவை தி.த.நா.கா.வின் ஆதரவை நம்பியிருந்தது. அக்கட்சியின் ஏ. சிதம்பரநாதன் அதில் அமைச்சராகவும் இருந்தார். 1953-இல் ஆதரவு விலக்கிக்கொள்ளப்பட்டதும் அமைச்சரவை வீழ்ந்தது. ஆட்சி கவிழ்ந்தது, எல்லைக்கல் மட்டும் நகரவில்லை. ஏன்?

அரசியலமைப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு

விடை இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் இருக்கிறது. புதிய மாநிலம் அமைப்பது, ஒரு மாநிலத்தின் பரப்பைக் கூட்டுவது அல்லது குறைப்பது, எல்லையை மாற்றுவது, பெயரை மாற்றுவது ஆகிய அதிகாரங்கள் அனைத்தும் நாடாளுமன்றத்துக்கே உரியவை. குடியரசுத் தலைவரின் பரிந்துரையின்றி அத்தகைய மசோதாவைக் கொண்டுவர முடியாது. சம்பந்தப்பட்ட மாநிலச் சட்டமன்றத்தின் கருத்து கேட்கப்படும்; ஆனால் அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. 1955-இல் செய்யப்பட்ட ஐந்தாவது திருத்தம், மாநிலங்கள் கருத்துச் சொல்வதற்குக் காலவரம்பு விதிக்கும் அதிகாரத்தையும் குடியரசுத் தலைவருக்கு அளித்தது. மாநிலச் சட்டமன்றம் காலம் தாழ்த்தி மசோதாவை முடக்கிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

வழக்கறிஞரான நேசமணிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. திருவனந்தபுரத்தில் எத்தனை ஆண்டுகள் பேசினாலும் முடிவு எடுக்கப்படும் இடம் அது அன்று. எனவே 1951–52 பொதுத்தேர்தலில் அவர் நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் தி.த.நா.கா. வேட்பாளராக நின்றார், வென்றார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 108 பேரில் 8 பேராக இருந்தும் முடியாத ஒன்றை, 489 பேர் கொண்ட மக்களவையில் ஒற்றை ஆளாக இருந்து எப்படிச் செய்ய முடியும்? கணக்கு தலைகீழாக இருக்கிறதே?

எண்ணை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எதிரே இருப்பவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் சபையின் பெரும்பகுதிக்கு அந்த எல்லை மாறாமல் இருப்பதில் நேரடி அக்கறை இருந்தது. டெல்லியில் பீகார், பஞ்சாப், ஒரிசா உறுப்பினர்களுக்கு விளவங்கோடு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். அவர்கள் முன் வழக்கை ஒரு பொதுக் கொள்கையாக வைக்கலாம். அதாவது, மொழிவழி மாநிலம் என்பது ஆந்திரருக்குச் சரி என்றால் தமிழருக்கும் சரி என்று வாதிடலாம். சென்னை மாநிலத்து உறுப்பினர்களின் பரிவும் அங்கே கிடைக்கும். பக்கச் சார்புள்ள பெரிய சபையின் முன் எட்டுப் பேராக நிற்பதைவிட, சார்பற்ற நடுவர் முன் ஒருவராக நிற்பது மேல். வழக்கு மன்றத்தில் பழகியவருக்கு இது இயல்பாகத் தெரிந்திருக்கும்.

காலமும் கைகொடுத்தது. தனி ஆந்திரம் கேட்டு உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15-இல் உயிர்நீத்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் உதயமாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் நேரு அரசு பசல் அலி தலைமையில், எச். என். குன்ஸ்ரு, கே. எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்தை அமைத்தது. தமிழர் இயக்கம் தன் வழக்கை வைக்க ஒரு மேடை கிடைத்தது.

1954: குருதி சிந்திய ஆண்டு

நாடாளுமன்றத்தில் பேசுவது ஒரு கை. ஊரில் மக்களைத் திரட்டுவது மறு கை. 1954-இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் பிரஜா சோசலிஸ்ட் கட்சி அமைச்சரவை பதவிக்கு வந்தது. அவ்வாண்டு தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் மீது அடக்குமுறை நடப்பதாகப் புகார் எழுந்தது. நேசமணி அங்கே சென்று தடையை மீறிக் கைதானார்.

1954 ஆகஸ்ட் 11 தமிழர் விடுதலை நாளாக அறிவிக்கப்பட்டது. கடையடைப்பும் ஊர்வலங்களும் நடந்தன. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் மாண்டனர், பலர் காயமடைந்தனர். புதுக்கடையில் உள்ள நினைவுத்தூண் அவர்களை நினைவுபடுத்துகிறது. இச்செய்தி நாடு முழுவதும் அதிர்வை ஏற்படுத்தியது. பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தம் கட்சியின் அமைச்சரவையே பதவி விலக வேண்டும் என்று கேட்டார். சென்னை மாநிலத்தில் ம. பொ. சிவஞானமும் தமிழரசுக் கழகமும் தெற்கெல்லைப் போராட்டத்துக்குத் துணை நின்றனர்.

இயக்கத்துக்குள் எல்லாம் ஒற்றுமையாக இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. காங்கிரசோடு இணைவதா, தனித்து நிற்பதா என்பதில் பிளவு வந்தது, பின்பு கூடினர். தலைவர் ஒருவரைப் புகழும்போது, அவரோடு முரண்பட்டும் உழைத்தும் நின்ற பி. எஸ். மணி, சாம் நத்தானியேல், தாணுலிங்க நாடார், சிதம்பரநாதன் போன்றோரை மறப்பது வரலாறாகாது.

கிடைத்ததும் கிடைக்காததும்

தி.த.நா.கா. கேட்டவை ஒன்பது வட்டங்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்.

1955 செப்டம்பர் 30-இல் அளிக்கப்பட்ட ஆணைய அறிக்கை, இவற்றில் நான்கு தென் வட்டங்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துடன் சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளம், பீர்மேடு இரண்டும் கேரளத்துக்கே என்றது. அங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்து குடியேறியவர்கள் என்பதும், அம்மலைப் பகுதி மாநிலத்தின் பொருளாதாரத்துக்கும் நீர்வளத்துக்கும் இன்றியமையாதது என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 1956-இல் மாநிலச் சீரமைப்புச் சட்டம் நிறைவேறியபோது செங்கோட்டை வட்டமும் முழுமையாக வரவில்லை; மலைப்பகுதி கேரளத்தோடு நின்றது.

1956 நவம்பர் 1-இல் நான்கு தென் வட்டங்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. செங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. நாடாளுமன்றத்தில் ஒருவராக நின்றவரின் வழக்கில் பாதிக்கு மேல் வெற்றி, மீதி தோல்வி. சென்னை மாநிலக் காங்கிரஸ் தலைமை தேவிகுளம், பீர்மேட்டுக்காகப் போதிய அழுத்தம் தரவில்லை என்ற குறை அன்று முதல் இன்றுவரை சொல்லப்படுகிறது. அனைத்திந்தியக் கட்சி ஒன்றில் இருந்துகொண்டு இரு மாநிலங்களுக்கு இடையிலான சிக்கலில் ஒரு பக்கம் நிற்பது எளிதன்று என்ற மறுமொழியும் உண்டு.

சிவகிரியிலிருந்து பார்த்தால்

இவையெல்லாம் குமரி மாவட்டத்துச் செய்திதானே, சங்கரன்கோவில், சிவகிரிப் பக்கத்து மாணவருக்கு என்ன என்று கேட்கலாம். சிவகிரி வழியாகச் செல்லும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி கடந்து செங்கோட்டைக்குப் போகிறது. 1956-க்கு முன் செங்கோட்டை வேறு மாநிலம். நம் பகுதியிலிருந்து அங்கே பெண் கொடுத்தவரும் எடுத்தவரும் வேறு மாநிலத்தாரோடுதான் சம்பந்தம் செய்தனர். இன்று சிவகிரி, சங்கரன்கோவில், செங்கோட்டை மூன்றும் 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. ஒரே ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறோம் என்றால், அதற்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

மறுபக்கமும் நம் கண்ணெதிரே உள்ளது. சிவகிரி, வாசுதேவநல்லூர்ப் பகுதிக் குளங்களுக்கு மலையிலிருந்து நீர் தந்த செண்பகவல்லி தடுப்பணை கேரள எல்லைக்குள் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னரும் சிவகிரி ஜமீனும் இருந்த காலத்து ஏற்பாடு அது. உடைந்த அணையைச் சீரமைக்க வேண்டும் என்று இப்பகுதி விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை இருப்பதும் பீர்மேட்டு வட்டத்தில்தான். வரைபடத்தில் ஒரு கோடு எங்கே போகிறது என்பது ஏதோ டெல்லிக்காரர்களின் விவகாரம் அன்று. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, நாற்றங்கால் போட முடியுமா என்பது அந்தக் கோட்டைப் பொறுத்தது.

மீண்டும் சட்டமன்றம், மீண்டும் டெல்லி

இணைப்பு முடிந்ததும் தி.த.நா.கா.வின் வேலையும் முடிந்தது. நேசமணி இந்திய தேசியக் காங்கிரசில் சேர்ந்தார். 1957 தேர்தலில் அவர் மக்களவைக்குப் போட்டியிடாமல் கிள்ளியூர்த் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குச் சென்றார். நாகர்கோவில் மக்களவைத் தொகுதியில் தாணுலிங்க நாடார் வென்றார்.

டெல்லி பார்த்தவர் ஏன் திரும்பி வந்தார்? அதுவரை எல்லை என்பது நாடாளுமன்றத்தின் பொருள். எல்லை முடிந்த பிறகு புதிய மாவட்டத்துக்கு வேண்டியவை பள்ளி, சாலை, பாசனம், நிலச் சட்டம், தமிழில் நிர்வாகம். இவை மாநிலத்தின் கையில் உள்ளவை. எந்தப் பொருள் எந்த அவையில் முடிவாகிறதோ அந்த அவைக்குப் போவது என்பதை அவர் ஒரு முறையாகவே கொண்டிருந்தார் என்று கருத இடமிருக்கிறது. பின்னர் 1962-இலும் 1967-இலும் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1968 ஜூன் 1-இல் உறுப்பினராக இருக்கும்போதே காலமானார். அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் காமராசர்.

பிற நாட்டில் ஓர் ஒப்புமை

மாநில அவையில் தொடங்கித் தேசிய அவைக்குப் போவோர் எல்லா நாட்டிலும் உண்டு. சிலருக்கு அது பதவி உயர்வு மட்டுமே. சிலருக்கோ, தாம் எடுத்துக்கொண்ட பொருள் மாநில அவையில் தீராது என்பதே காரணம். 1965-இல் சென்னையில் மலையாளக் குடும்பத்தில் பிறந்த பிரமிளா ஜெயபால், அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு புலம்பெயர்ந்தோர் உரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி நடத்தினார். பின்பு வாஷிங்டன் மாநில செனட்டில் உறுப்பினரானார். 2016-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்நாட்டில் குடியேற்றச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை. தேசிய காங்கிரசுக்கே உண்டு. நாடும் காலமும் வேறு. ஆனால் பாதையின் தர்க்கம் ஒன்றே.

நினைவுகள்

நாகர்கோவிலில் நேசமணிக்கு மணிமண்டபமும் சிலையும் உள்ளன. மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரி இயங்குகிறது. ஒரு காலத்தில் குமரி மாவட்டத்து அரசுப் பேருந்துகளில் 'நேசமணி போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். நடுத்தர வயதைக் கடந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். நவம்பர் 1-ஆம் நாளில் எல்லைப் போராட்டத் தியாகிகள் நினைவுகூரப்படுகிறார்கள்.

ஒருவர் தேர்தலில் நிற்கும்போது அவர் எந்த ஊர், என்ன சாதி, யாருடைய மகன் என்று கேட்பது நம் வழக்கம். கேட்பதில் தவறில்லை, வேர் தெரியாமல் மரத்தை அறிய முடியாது. ஆனால் அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: இவர் சொல்லும் காரியம், இவர் போக விரும்பும் அவையில் முடியக்கூடியதா? 1951-இல் விளவங்கோட்டு வாக்காளரிடம் இந்தக் கேள்விக்கு நேசமணியால் நேராக விடை சொல்ல முடிந்திருக்கும். இன்று வாக்குக் கேட்டு வருகிறவரிடம் நம் மாணவர்கள் இதைக் கேட்கப் பழகினால், அவர் வாழ்க்கையைப் படித்த பயன் அதுவே.